அடுத்த லேப்டாப் வரட்டும் என்று காத்திருக்கலாமா?

2008-ம் ஆண்டு ஜனவரி 15-ந் தேதி.

அமெரிக்காவில் சான் பிரான்சிஸ்கோ நகரம். ஒரு பெரிய மண்டபம். உள்ளே ஜனக் கூட்டம்.

மேடையில் ஆப்பிள் கம்பெனியின் தலைமை நிர்வாகி ஸ்டீவ் ஜாப்ஸ் நிற்கிறார். அவர் கையில் ஒரு பழுப்பு நிறக் காகித உறை. ஆபீசுகளில் தஸ்தாவேஜுகளை வைத்து அனுப்புவார்களே, அந்த மாதிரி உறை!

உறையின் வாயைத் திறந்தார். கையை உள்ளே விட்டார். வெளியே எடுத்தது காகிதம் அல்ல. ஒரு லேப்டாப்!

கூட்டம் கை தட்டி ஆரவாரம் செய்தது.

அந்த லேப்டாப்பின் பெயர் "மேக்புக் ஏர்". அதன் எடை 1.36 கிலோ. மிகவும் தடித்த இடத்தில்கூட அதன் கனம் 2 சென்டிமீட்டருக்கு உட்பட்டதுதான். விலை 1,799 டாலர்.

அன்று வியந்து பார்த்தவர்கள், மறு நாளே ஒரு கேள்வி கேட்டிருக்கக்கூடும். இன்றும் கேட்கிறார்கள்.

"சரி, அடுத்ததில் என்ன வரும்?"

இந்தக் கேள்வி கேட்பது தவறு அல்ல. ஆனால் "அடுத்தது வரட்டும், அப்புறம் வாங்கலாம்" என்று வருஷக் கணக்கில் காத்திருக்கிறார்களே, அது சரியா? அதைத்தான் இங்கே யோசித்துப் பார்க்கப்போகிறோம்.

என்ன குறை இருந்தது?

முதலில் வந்த ஏர், பார்க்க அழகு. ஆனால் குறைகள் பல.

யு.எஸ்.பி. துவாரம் ஒன்றே ஒன்று. சி.டி. போட்டுப் பார்க்க இடம் இல்லை. உள்ளே இருந்த 80 ஜி.பி. தட்டு மெதுவாகச் சுழன்றது. சுழலும் தட்டுக்குப் பதிலாக வேகமான சில்லு வேண்டும் என்றால், விலை 3,000 டாலரைத் தாண்டியது!

ஆகவே, "அடுத்தது நன்றாக இருக்கும்" என்று பலர் எதிர்பார்த்ததில் நியாயம் உண்டு. அப்படியே நடந்தது.

2010 அக்டோபரில் புதிய ஏர் வந்தது. சுழல் தட்டு ஒழிந்தது. யு.எஸ்.பி. துவாரம் இரண்டு ஆயிற்று. 11 அங்குலத் திரை உள்ள சிறிய மாடலை 999 டாலருக்கே கொடுத்தார்கள். இரண்டே முக்கால் வருஷத்தில் 800 டாலர் இறக்கம்!

2013-ல் பாட்டரி நீடித்தது. 13 அங்குல ஏர், அதற்கு முந்திய வருஷம் 7 மணி நேரம் ஓடும் என்றார்கள். இப்போது 12 மணி நேரம் என்றார்கள்.

2018-ல் திரை பளிச்சென்று தெளிவாயிற்று. விரல் வைத்தால் திறக்கும் வசதியும் வந்தது. 2020 நவம்பரில் ஆப்பிள் கம்பெனி தானே வடிவமைத்த "எம்1" என்ற சிப்பை வைத்தது. உள்ளே இருந்த விசிறியே வேண்டியதில்லை என்றாகிவிட்டது. 2022-ல் உடல் புதிதாயிற்று. கனம் 1.13 சென்டிமீட்டராகக் குறைந்தது.

பார்த்தீர்களா! ஒவ்வொரு தடவையும் அடுத்தது முந்தியதைவிட மேல்தான்.

அங்கேதான் சிக்கல். அடுத்தது மேல் என்பது எப்போதும் உண்மை. எப்போதும் உண்மையாக இருப்பதை, இன்று வாங்காமல் இருப்பதற்குக் காரணமாகச் சொன்னால், என்றைக்குமே வாங்க முடியாது!

மூடிய பெட்டி

மெல்லிய லேப்டாப்பைப் பற்றி மட்டும் ஏன் இவ்வளவு கவலை? அதற்கும் காரணம் உண்டு.

லேப்டாப்பில் இரண்டு விதமான இடம் இருக்கிறது. ஒன்று, சாமான்களை வைத்துப் பூட்டும் அலமாரி போன்றது. படங்கள், பாடங்கள், கடிதங்கள் எல்லாம் அங்கே போகும். இதைச் சேமிப்பகம் என்கிறோம்.

மற்றொன்று, சமையல் மேடை போன்றது. இப்போது நறுக்க வேண்டிய காய், அரைக்க வேண்டிய தேங்காய், இவை மட்டும் மேடையில் இருக்கும். இதற்கு நினைவகம் என்று பெயர். மேடை சிறியதாக இருந்தால், ஒன்றை எடுத்து வைத்துவிட்டுத்தான் மற்றொன்றை இறக்க முடியும். வேலை தாமதப்படும்.

அந்தக் காலத்தில் ஆப்பிள் கம்பெனி விற்ற தடித்த மேக்புக்கில், நினைவகம் போதவில்லை என்றால் சில திருகாணிகளைக் கழற்றிப் புதிய நினைவகத்தைச் செருகிக்கொள்ளலாம். இன்று கொஞ்சம், அடுத்த வருஷம் கொஞ்சம் என்று சேர்க்கலாம்.

ஏரில் அது முடியாது. 2008-ல் வந்த முதல் ஏரிலேயே நினைவகத்தைத் தாய்ப் பலகையில் ஈயம் வைத்துப் பற்றவைத்துவிட்டார்கள். வாங்கும்போது இருந்தது எவ்வளவோ, கடைசி வரையில் அவ்வளவுதான்.

ஏன் இப்படிச் செய்தார்கள்? செருகும் பொருத்துக்கு இடம் வேண்டும். மெல்லிய உடலில் அந்த இடம் இல்லை. தவிர, நினைவகம் சிப்புக்குப் பக்கத்தில் இருந்தால் வேகம் அதிகம், மின்சாரச் செலவு குறைவு. எம்1 சிப் வந்த பிறகு, சிப்பும் நினைவகமும் ஒரே வில்லையில் சேர்ந்துவிட்டன. இந்தக் காரணங்களைப் பொய் என்று சொல்ல முடியாது.

ஆனால் அதன் பலன் என்ன? ஐந்து வருஷத்துக்குப் பிறகு தனக்கு எவ்வளவு வேண்டியிருக்கும் என்பதை, வாங்குகிற அன்றைக்கே ஒருவர் ஊகித்துச் சொல்ல வேண்டும்! ஜோசியமா தெரியும்?

சேர்க்க வழி இல்லை. ஆகவே, அவருக்கு உள்ள ஒரே வழி அடுத்த மாடல்தான். அதனால்தான் "அடுத்தது எப்போது, அடுத்ததில் என்ன" என்று இவ்வளவு தவிப்பு!

காத்திருந்தவர் கண்ட லாபம்

காத்திருந்து லாபம் அடைந்தவர்கள் உண்டு. அதை மறைக்கக் கூடாது.

2020 மார்ச்சில் ஆப்பிள் ஒரு புதிய ஏரை 999 டாலருக்கு விற்றது. அதில் இருந்தது இன்டெல் சிப். எட்டு மாதம் கழிந்தது. நவம்பரில் எம்1 சிப் உள்ள ஏர் வந்தது. விலை அதே 999 டாலர்!

சினிமாப் படம் பார்த்தால் பழையது 12 மணி நேரம் ஓடும், புதியது 18 மணி நேரம் ஓடும் என்றது கம்பெனி. 2025-ல் வந்த "டாஹோ" என்ற இயங்குதளம் எம்1 ஏரில் ஓடுகிறது. எட்டே மாதம் மூத்த இன்டெல் ஏருக்கு அது கிடையாது.

மற்றொரு சம்பவம். 2016 முதல் 13 அங்குல ஏரின் அடிப்படை நினைவகம் 8 ஜி.பி.யாகவே நின்றது. அதை 16 ஜி.பி.யாக்க வேண்டுமானால் 200 டாலர் கூடுதலாகக் கொடுக்க வேண்டும் என்பது பல வருஷ வழக்கம். 2024 அக்டோபர் கடைசியில் ஒரு நாள், அதே விலைக்கு 16 ஜி.பி. என்று அறிவித்துவிட்டார்கள்! செப்டம்பரில் 200 டாலர் அதிகம் கொடுத்து வாங்கியவர் மனசு எப்படி இருந்திருக்கும்?

காத்திருந்தவர் கண்ட நஷ்டம்

இனி மறு பக்கத்தைப் பாருங்கள்.

2020 மார்ச்சில் கொரோனாத் தொற்றினால் அமெரிக்காவில் பள்ளிக்கூடங்களும் கல்லூரிகளும் மூடப்பட்டன. வீட்டில் இருந்தபடியே பாடம் கேட்க வேண்டிய நிலை. அப்போது ஒரு தாயார் தன் மகளுக்கு இன்டெல் ஏர் வாங்கிக் கொடுத்தார் என்று வைத்துக்கொள்வோம். அவர் ஏமாந்தாரா?

இல்லை. அந்தப் பெண் அந்த வருஷப் பாடத்தைப் படித்தாள். நவம்பர் வரையில் காத்திருந்தால் நல்ல லேப்டாப் கிடைத்திருக்கும். போன எட்டு மாதப் படிப்பை எந்தக் கடையில் வாங்குவது?

"நாள் ஆக ஆக விலை குறையும்" என்ற நம்பிக்கையும் எப்போதும் பலிப்பதில்லை. 2025 கடைசியில் நினைவகச் சில்லுகளின் விலை கிடுகிடுவென்று ஏறியது. செயற்கை அறிவுக்காகக் கட்டப்படும் பெரிய கம்ப்யூட்டர் நிலையங்கள் அந்தச் சில்லுகளை வாரிக்கொண்டு போனதே காரணம். அந்த டிசம்பரில் அமெரிக்காவின் மைக்ரான் கம்பெனி, "க்ரூஷியல்" என்ற பெயரில் பொதுமக்களுக்கு நினைவகம் விற்று வந்த வியாபாரத்தை விட்டு விலகப்போவதாக அறிவித்தது.

ஆகவே, காத்திருப்பது லாபமாகவும் முடியலாம், நஷ்டமாகவும் முடியலாம்.

எதற்குக் காத்திருக்கலாம்?

அப்படியானால் என்ன செய்வது? வதந்தி வேறு, அறிவிப்பு வேறு. இந்த வித்தியாசத்தைத் தெரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

2020 ஜூன் 22-ந் தேதி, "இனி எங்கள் கம்ப்யூட்டர்களில் எங்கள் சொந்தச் சிப்பை வைக்கப்போகிறோம்" என்று ஆப்பிள் கம்பெனியே பகிரங்கமாகச் சொன்னது. முதல் கம்ப்யூட்டர் அந்த வருஷக் கடைசிக்குள் வரும் என்றும் சொன்னது. அதற்குப் பிறகு, அவசரம் இல்லாதவர் காத்திருந்தது புத்திசாலித்தனம். விற்பவன் வாயாலேயே வந்த செய்தி அல்லவா?

ஆனால் "திரை மாறுமாம், உடல் மாறுமாம்" என்று காற்றில் வரும் பேச்சை நம்பிக் காத்திருப்பது வேறு. ஏரின் உடல் பெரிய அளவில் மாறியது 2010, 2018, 2022 ஆகிய ஆண்டுகளில். நடுவே ஒரு தடவை எட்டு வருஷம், ஒரு தடவை நான்கு வருஷம். அடிப்படை நினைவகம் 8-லிருந்து 16 ஆவதற்கும் எட்டு வருஷம் பிடித்தது. இதை எந்தப் பஞ்சாங்கத்தைப் பார்த்துச் சொல்வது?

ஓரளவு நிச்சயமாக எதிர்பார்க்கக்கூடியது சிப் ஒன்றுதான். எம்1 2020-ல், எம்2 2022-ல், எம்3 2024-ல், எம்4 2025-ல் ஏருக்கு வந்தன. ஆனால் கடிதம் எழுதவும், கணக்குப் போடவும், பாடம் கேட்கவும், ஒரு சிப்புக்கும் அதற்கு அடுத்த சிப்புக்கும் உள்ள வித்தியாசம் தெரியவே தெரியாது.

ஆகவே, வாங்க நினைப்பவர்கள் தங்களையே மூன்று கேள்விகள் கேட்டுக்கொள்ள வேண்டும்.

இப்போது இருக்கும் லேப்டாப்பில் வேலை நடக்கிறதா? நடந்தால், வாங்கவே வேண்டாம். அதுவே பெரிய லாபம்.

நடக்கவில்லையா? அடுத்ததைப் பற்றிக் கம்பெனி ஏதாவது அறிவித்திருக்கிறதா? அறிவித்திருந்தால், முடிந்தவர்கள் பொறுக்கலாம். வதந்திதான் என்றால், பொறுக்க வேண்டியதில்லை.

பிற்பாடு எதைச் சேர்க்க முடியாது? பணத்தை முதலில் அதில் போட வேண்டும். சேமிப்பகம் போதவில்லை என்றால் வெளியே ஒரு தட்டை இணைத்துக்கொள்ளலாம். துவாரம் போதவில்லை என்றால் ஒரு இணைப்பான் வாங்கலாம். நினைவகத்துக்கு மட்டும் அந்த வழி கிடையாது. நிறத்துக்கும் மினுக்குக்கும் கொடுக்கும் காசை நினைவகத்துக்குக் கொடுங்கள்.

மெலிவு ஒரு சாக்கா?

வாங்குபவர்களுக்குச் சொன்னோம். செய்பவர்களுக்கும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும்.

"மெல்லியதாகச் செய்தால் மூடித்தான் தர முடியும்" என்பது இனி முழுக்கச் செல்லாது. அதே சான் பிரான்சிஸ்கோவில் ஃப்ரேம்வொர்க் என்ற சிறிய கம்பெனி இருக்கிறது. அது 2021-ல் ஒரு லேப்டாப்பை வெளியிட்டது. அதன் எடை சுமார் 1.3 கிலோ. அதாவது, அன்று உறையிலிருந்து எடுத்த ஏரைவிடக் குறைவு! ஆனால் அதைத் திருகாணி கழற்றித் திறக்கலாம். நினைவகத்தை மாற்றலாம். பாட்டரியை மாற்றலாம். தாய்ப் பலகையைக்கூட எடுத்துவிட்டுப் புதியதைப் போடலாம். இன்றைய ஏரைவிட அது சற்றுத் தடிமன்தான். அதனால் என்ன குறைந்துவிட்டது?

2024-ல் லெனோவோ கம்பெனி, திங்க்பேட் பி1 வரிசையில் ஒரு புது முறையைக் கொண்டுவந்தது. மின்சாரம் குறைவாகச் செலவழிக்கும் நினைவகத்தையே, பற்றவைக்காமல் திருகாணியால் பொருத்தும்படி செய்திருக்கிறது. முடியாது என்று சொல்லப்பட்டது, முடிந்திருக்கிறது!

அடுத்த மாடலில் என்ன வேண்டும் என்று நம்மைக் கேட்டால், இன்னும் ஒரு மில்லிமீட்டர் மெலிவு வேண்டும் என்று சொல்ல மாட்டோம். "திறக்கும்படி செய்யுங்கள்" என்றுதான் சொல்வோம். தேவைப்பட்டபோது சேர்த்துக்கொள்ளலாம் என்ற தைரியம் இருந்தால், வாங்குபவர் எதிர்காலத்தை நினைத்து ஏன் நடுங்கப்போகிறார்?

அது வரும் வரையில், இருப்பதை விட்டுப் பறப்பதற்கு ஆசைப்பட வேண்டாம். வேண்டிய பொருளை வேண்டிய நேரத்தில், வேண்டிய அளவுக்கு வாங்குங்கள். வாங்கிய பிறகு அடுத்த மாடலின் செய்தியைப் படித்து மனத்தைப் புண்ணாக்கிக்கொள்ள வேண்டாம்.

லேப்டாப் அடுத்த வருஷமும் வரும். அதற்கு அடுத்த வருஷமும் வரும்.

பிள்ளைகளின் பரீட்சை மட்டும் அதற்காகக் காத்திருக்காது!