பாங்காக்ல நான் பார்த்த இன்னொரு கட்டடம்

"பாங்காக் போயிட்டு வந்தேன்"னு சொன்னா ஹாஸ்டல்ல எல்லாரும் ஒரு மாதிரி சிரிக்கிறாங்க. சிரிச்சுக்கோங்க மக்களே. நான் சொல்ல வந்தது ஒரு கலை மையத்தைப் பத்தி.

நேஷனல் ஸ்டேடியம் ஸ்கைட்ரெய்ன் ஸ்டேஷன்ல இறங்கினா எந்தப் பக்கம் திரும்பினாலும் மால். நடுவுல வெள்ளையா ஒரு கட்டடம்: பாங்காக் கலை மற்றும் பண்பாட்டு மையம். மழைக்கு ஒதுங்கத்தான் உள்ளே போனேன், உண்மையைச் சொல்லிடறேன். டிக்கெட் கிடையாது. உள்ளே வட்டமா ஒரு வெற்றிடம், மேல் தளங்கள்ல அதைச் சுற்றிச் சுற்றி ஏறும் சரிவுப் பாதை. படம் பார்க்க வந்த கூட்டத்தை விட, தரையில உட்கார்ந்து நோட்டுல வரையுற பசங்கதான் என் கண்ணுல அதிகம் பட்டாங்க.

இந்தக் கட்டடம் சும்மா வந்துடல. 1990களில் போட்ட திட்டம். 2001ல் அப்போதைய நகர ஆளுநர் சமக் சுந்தரவேஜ் அதை வணிக வளாகம் மாதிரி மாற்றப் பார்த்தார். கலைஞர்களும் மாணவர்களும் விடல. அடுத்த ஆளுநர் காலத்தில் பழைய திட்டம் உயிர் பெற்று, 2008ல் கதவு திறந்தது. அப்போ நாட்டின் பிரதமர் யார் தெரியுமா? அதே சமக்! 2018ல் இன்னொரு ஆளுநர், நிர்வாகத்தை நகராட்சியே எடுத்து கோ-வொர்க்கிங் ஸ்பேஸ் வைக்கலாமேன்னு யோசனை சொன்னார். எதிர்ப்பு கிளம்பியதும் பின்வாங்கினார்.

இது வரைக்கும் ஜெயிச்ச கதை. 2025 ஜூலையில் நடந்தது வேற. சர்வாதிகார அரசுகள் ஒன்றுக்கொன்று எப்படிக் கை கொடுக்குதுன்னு பேசுற 'கான்ஸ்டலேஷன் ஆஃப் காம்ப்ளிசிட்டி'ன்னு ஒரு கண்காட்சி. சீனத் தூதரகம் ஆட்சேபித்தது. திபெத், உய்குர், ஹாங்காங் கலைஞர்களின் பெயர்கள் மேல கறுப்பு அடிச்சாங்க. சில படைப்புகளை எடுத்தே விட்டாங்க. நான் போனப்போ அந்தக் கண்காட்சி முடிஞ்சிருந்தது.

மொத்தமா மூடியிருக்கலாம், அதாவது மானமா இருந்திருக்கும்னு என் கூட வந்தவன் வாதாடினான். எனக்கு அதுல உடன்பாடில்லை. மூடியிருந்தா நாலு நாள் செய்தி, அவ்வளவுதான். கறுப்பு பூசின இடத்தைப் பார்க்கிறவன் "இங்க யாரு பேரு இருந்துச்சு?"ன்னு கேட்பான் இல்லையா? அதுக்காக மையத்தோட நிர்வாகத்தைப் பாராட்டவும் மனசு வரல. தன்னை நம்பி வந்த கலைஞனோட பேரைத் தன் கையாலயே அழிக்கிறது சின்ன விஷயமா?

என்னை உறுத்துறது இதுதான். மால் வருதுன்னா தெரியும், தெருவுல நின்னு கத்தலாம். இந்த மாதிரி வர்ற 'வேண்டுகோள்' யார் கண்ணுக்கும் தெரியாது. கட்டடமும் நிலமும் நகராட்சியோடது, மையத்தை நடத்துற அறக்கட்டளைக்கு நிதிக்கும் நகராட்சிதான் பெரிய துணை. இப்படி இருக்கும்போது ஒரு போன் வந்தா யாரால முடியாதுன்னு சொல்ல முடியும்? 2001ல் அந்தக் கட்டடத்துக்காக நின்ன மாணவர்களுக்கு இப்போ நாற்பது வயசு தாண்டியிருக்கும். அவங்கள்ல யாராவது அந்தக் கறுப்புப் பட்டைகளைப் பார்க்கப் போயிருப்பாங்களான்னு யோசிச்சுக்கிட்டே ரெண்டு தளம் இறங்கி வந்தேன். வெளியே மழை விட்டிருந்தது.