தாளம் தெரிந்தால் போதுமா?

மிருதங்க அரங்கேற்றம் முடித்த பிள்ளை, இங்கே கனடாவில் பல்கலைக்கழகத்தில் தாள வாத்தியம் படிக்கப் போகிறேன் என்றால் எமது வீடுகளில் எழும் முதற் கேள்வி, "அதுக்குப் பிறகு என்ன வேலை?" என்பதுதான். நியாயமான கேள்வி. ஆனால் அதற்கு முன்னே நுழைவுத் தேர்வு இருக்கிறது.

பொதுவாக மூன்று வாத்தியங்களை வாசிக்கச் சொல்கிறார்கள். ஸ்நெயர் டிரம்மில் கைத்திறன் பார்ப்பார்கள். மரிம்பாவின் மரக்கட்டைகளில் சுரம் வாசிக்க வேண்டும். தேர்ந்தவர்கள் கைக்கு இரண்டாக நான்கு கோல்கள் பிடிப்பார்கள். ரிம்பனி என்னும் பெருமுரசுகளுக்குக் காலால் பெடலை அழுத்திச் சுருதி சேர்க்க வேண்டும். இவற்றோடு, முன்பின் பார்த்திராத சுரத்தாளை அந்த இடத்திலேயே வாசிக்கவும் வேண்டும். சொற்கட்டுகளைக் காதால் கேட்டுப் பழகிய எமது பிள்ளைகள் தடுமாறக்கூடிய இடம் இதுதான். ஆகவே தரம் 9இலேயே பாடசாலை வாத்தியக் குழுவில் சேர்த்துவிடுங்கள். பாடசாலையில் உள்ள வாத்தியங்களில் பழகலாம். மரிம்பா வாங்கக் கடன்பட வேண்டாம். (அதை வைக்க எமது அப்பார்ட்மென்டுகளில் இடம் ஏது?)

அதற்காக மிருதங்க வகுப்பை நிறுத்திவிடாதீர்கள். ரொறன்ரோவில், யோர்க் பல்கலைக்கழகத்தில் 1971இல் தென்னிந்திய இசைக் கல்வியைத் தொடக்கி வைத்தவர்களில் ஒருவர் மிருதங்க வித்துவான் திருச்சி சங்கரன். ரொறன்ரோ பல்கலைக்கழகத்தில் தாள வாத்தியப் பேராசிரியராக இருந்த ரஸல் ஹார்ட்டன்பேர்கர், அமெரிக்காவில் ராம்நாட் ராகவனிடம் மிருதங்கம் பயின்றவர்.

வேலையா? பெரிய ஓக்கெஸ்ட்ராக்களில் இடம் மிகக் குறைவு. பலர் கற்பித்தே வாழ்கிறார்கள். ஒன்ராறியோவில் அரசாங்கப் பாடசாலை ஆசிரியராவதற்குப் பட்டத்தோடு ஆசிரியர் பயிற்சியும் வேண்டும். பிள்ளையோடு இதையும் பேசிவிடுங்கள்.