கேட்பவரின் நினைவுக்கும் இடம் விடுவோம்

மாத்தளையிலிருந்து ஏ9 வீதியில் வடக்கே போனால், வாசனைத் திரவியத் தோட்டங்களின் பெயர்ப்பலகைகளுக்கு நடுவே அலுவிகாரை வந்துவிடும். கிறிஸ்துவுக்கு முந்திய முதலாம் நூற்றாண்டில், வலகம்பா மன்னன் காலத்தில், பௌத்த மறைநூலான திரிபிடகம் முதன்முதலாக ஓலையில் எழுதப்பட்டது இங்குள்ள பாறைக் குகைகளில்தான் என்பது மரபு. போரும் பஞ்சமும் பிக்குகளைச் சிதறடித்த காலம் அது. மனத்தில் காத்தவர்கள் மறைந்தால் சொற்களும் மறைந்துவிடும் என்ற அச்சமே அவர்களை எழுத வைத்தது.

அங்கே போகும்போதெல்லாம், எழுதுவதற்கு முந்திய நூற்றாண்டுகளைத்தான் நான் அதிகம் நினைக்கிறேன். அத்தனை காலம் அந்த நூல்கள் காதிலும் நினைவிலும் மட்டுமே வாழ்ந்தன. பாணகர் எனப்பட்ட ஓதுவோர் ஆளுக்கொரு பகுதிக்குப் பொறுப்பேற்று, கூடி ஓதிக் காத்தார்கள். அதற்கேற்றபடிதான் நூல்களும் அமைந்திருக்கின்றன. ஒரே தொடர் திரும்பத் திரும்ப வரும். செய்திகளை எண்ணி அடுக்கியிருப்பார்கள். அவற்றில் ஒன்றான அங்குத்தர நிகாயம் முழுவதுமே ஒன்று முதல் பதினொன்று வரையான எண் வரிசையில் அமைந்தது. கேட்பவரின் நினைவு எவ்வளவு தாங்கும் என்று அறிந்து பேசியவர்கள் அவர்கள்.

அந்த அறிவு இன்று நம் வீடுகளுக்குத் தேவைப்படுகிறது. காது மெசின் வாங்கிய பெரியவர்கள் பலர் அதைச் சில வாரங்களிலேயே கழற்றி லாச்சிக்குள் வைத்துவிடுகிறார்கள். என் பெரியப்பாவும் அப்படித்தான். தேயிலைத் தொழிற்சாலை இரைச்சலில் உழைத்துக் காது மங்கியவர். பிள்ளைகள் பணம் சேர்த்து நல்ல கருவியே வாங்கிக் கொடுத்தார்கள். ஏன் கழற்றினீர்கள் என்று கேட்டேன். “சத்தம் நல்லாத்தான் கேக்குது. என்ன சொல்றீங்கன்னுதான் வெளங்க மாட்டேங்குது” என்றார். வீட்டில் அதை வீம்பு என்றார்கள். எனக்கு அது மிகச் சரியான விளக்கமாகப் பட்டது.

உட்செவியில் ஒலியை உணரும் மயிர்க்கலங்கள் ஒரு காதுக்குச் சுமார் 15,000 இருக்கின்றன. இரைச்சலாலும் முதுமையாலும் அழிந்தவை மீண்டும் வளர்வதில்லை. பெரும்பாலும் மெல்லிய, உயர்ந்த சுருதியுள்ள மெய்யொலிகள்தான் முதலில் மங்கும். கருவி ஒலியைப் பெருக்கும். அழிந்த கலங்களின் வேலையை முழுதாகச் செய்யாது. ஆகவே மூளைக்குப் போய்ச் சேரும் பேச்சில் ஓட்டைகள் இருக்கும். முன்னே வந்த சொற்களையும் பேச்சின் பொருளையும் வைத்து அந்த ஓட்டைகளை நிரப்ப வேண்டும். அதுவரை கேட்டதைச் சில விநாடிகள் பிடித்து வைத்துக்கொண்டு வேலை செய்யும் ஆற்றலைச் செயல்நினைவு என்பார்கள். அது ஒரு சின்னத் திண்ணை. மூன்று நான்கு பேர் உட்காரலாம். இன்னொருவர் வந்தால் ஒருவர் எழும்ப வேண்டும்.

சுவீடனின் லிங்ஷொப்பிங் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த யெர்கர் ரொன்பெர்க் இதைப் பல ஆண்டுகளாக ஆராய்ந்தவர். வரும் ஒலி, மனத்தில் ஏற்கெனவே உள்ள சொல்லோடு பொருந்தினால் புரிதல் தானாக நடக்கும். பொருந்தாதபோதுதான் செயல்நினைவு உழைக்க வேண்டும் என்பது அவர் விளக்கம். கனடாவில் கேத்தி பிச்சோரா-ஃபுல்லரும் சக ஆய்வாளர்களும் 1995இல் வெளியிட்ட ஆய்வு இன்னொன்றைக் காட்டியது. இரைச்சலுக்கு நடுவே முதியவர்கள் சரியாகக் கேட்டுச் சொன்ன சொற்களைக்கூடப் பிறகு குறைவாகவே நினைவுகூர்ந்தார்கள். கேட்பதற்கே சக்தி செலவானதால் நினைவில் வைக்க மீதமில்லை. நாமோ அதைப் பார்த்து, “இப்பத்தானே சொன்னேன், அதுக்குள்ள மறந்துட்டீங்களா?” என்று கேட்கிறோம்.

கருவியைப் பொருத்துவதிலும் செயல்நினைவுக்கு இடமுண்டு. மெல்லிய ஒலியை அதிகமாகவும் பலத்த ஒலியைக் குறைவாகவும் பெருக்கும் வேலையைக் கருவி வேகமாகவும் செய்யலாம், நிதானமாகவும் செய்யலாம். ஏறி இறங்கும் இரைச்சலில், நினைவாற்றல் வலுவாக உள்ளவர்கள் வேகமான முறையால் பயன்பெறுவதையும், மற்றவர்களுக்கு நிதானமான முறை ஒத்துப்போவதையும் தோமஸ் லுன்னர், ஸ்டுவர்ட் கேட்ஹவுஸ் போன்றோரின் ஆய்வுகள் 2003 முதல் காட்டியிருக்கின்றன. ஒரே அளவு செவிக்குறைவு உள்ள இருவருக்கு ஒரே அமைப்புப் பொருந்த வேண்டியதில்லை. முதல் நாள் பொருத்தியதோடு விடாமல், திரும்பப் போய் மாற்றியமைக்கச் சொல்லிக் கேட்பது நம் உரிமை.

மாத்தளைத் தமிழருக்கு மொழியும் ஒரு சுமை. கடையிலும் பஸ்ஸிலும் அலுவலகத்திலும் சிங்களம் காதில் விழும். இரண்டாவது மொழியை இரைச்சலில் கேட்பது யாருக்கும் கடினம். காது மங்கியவருக்கு இருமடங்கு கடினம். தமிழிலேயே பாருங்கள், முடிவு கடைசியில்தான் வரும். “சாப்பாட்டுக்கு முந்தி இந்த மாத்திரையைப் போட” என்பது வரை பிடித்து வைத்திருந்தால்தான் “வேணும்” என்றோ “வேணாம்” என்றோ வருவது பயன்படும். அந்தக் கடைசிச் சொல்லைத்தான் நாம் குரல் தாழ்த்தி விழுங்கிவிடுகிறோம்.

காது மங்கினால் அறிவும் மங்கிவிட்டது என்று முடிவுகட்டுவது பெரிய அநியாயம். வாயால் கேட்கும் நினைவுச் சோதனையில், கேள்வியே விளங்காமல் தோற்பவர்கள் இருக்கிறார்கள். கருவி மறதிநோயைத் தடுத்துவிடும் என்று வாக்களிப்பதும் சரியல்ல. அமெரிக்காவில் 70 முதல் 84 வயதுக்குட்பட்ட 977 பேரிடம் மூன்றாண்டு நடந்து 2023இல் வெளியான ஆய்வில், மொத்தக் குழுவில் கருவியால் வேறுபாடு தெரியவில்லை. அறிவாற்றல் குறையும் ஆபத்து அதிகமாக இருந்த பிரிவில் மட்டும், கருவியும் ஆலோசனையும் பெற்றவர்களிடம் அந்தக் குறைவு 48 சதவீதம் மெதுவாக இருந்தது. நம்பிக்கை வைக்க அது போதும், மிகைப்படுத்தப் போதாது.

இதற்கிடையில் நம்மால் இன்றே செய்யக்கூடியது பேச்சை மாற்றுவது. முகம் தெரிய எதிரே உட்காருங்கள். டீவியை நிறுத்துங்கள். எதைப் பற்றிப் பேசப்போகிறீர்கள் என்பதை முதலில் சொல்லுங்கள். பொருள் தெரிந்துவிட்டால் முதியவர்கள் ஓட்டைகளை நிரப்புவதில் வல்லவர்கள். ஒரு மூச்சில் ஒரு செய்தி. இரண்டு செய்தி என்றால் இரண்டு என்று எண்ணிச் சொல்லுங்கள். வாக்கியத்தின் கடைசிச் சொல்லைத் தெளிவாகச் சொல்லி, சற்று நிறுத்துங்கள். விளங்கவில்லையென்றால் கத்தாமல், வேறு சொற்களில் திரும்பச் சொல்லுங்கள்.

பாணகர்கள் எண்ணியும் திரும்பச் சொல்லியும் நினைவுக்குத் துணைநின்றார்கள். கருவிக்குப் பணம் சேர்த்த பிள்ளைகளிடம் நான் கேட்பதும் அந்தத் துணையைத்தான். வாங்கிக் கொடுத்ததோடு உங்கள் பங்கு முடியவில்லை. அவருடைய கேட்டலில் பாதி, நீங்கள் பேசும் விதத்தில் இருக்கிறது.