வௌவாலுக்கும் ஒரு மரம்

தலைகீழாய்த் தொங்கும் பிராணியிடம் மனிதனுக்கு என்றுமே மரியாதை ஏற்பட்டதில்லை. பாழடைந்த வீட்டை வர்ணிக்க வேண்டுமானால் வௌவாலைத்தான் துணைக்கு அழைக்கிறோம். சர்க்காரும் இந்த அபிப்பிராயத்துக்கு விலக்காயிருக்கவில்லை. 1972-ம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், பழந்தின்னி வௌவாலை எலியோடும் காக்கையோடும் சேர்த்து, யாரும் கொல்லலாம் என்ற ஜாபிதாவிலே வைத்தது. 50 வருஷம் சென்றபின், 2022-ல் செய்த திருத்தத்தினால் அந்த ஜாபிதாவே எடுபட்டுப் போயிற்று. சட்டம் திருந்திவிட்டது, நாம் திருந்தினோமா?

அரியலூர் ஜில்லாவிலுள்ள கரைவெட்டி ஏரிக்கு 2024-ல் ராம்சார் என்னும் சர்வதேச கௌரவம் கிடைத்தது. தூர தேசங்களிலிருந்து அங்கே வந்திறங்கும் பறவைகளை விருந்தாளிகளாகக் கொண்டாடுகிறோம். ஊர்க்கோடி ஆலமரத்தில் வருஷம் முழுதும் குடியிருக்கும் வௌவாலை மட்டும், வாடகை கொடுக்காத குடித்தனக்காரனைப்போல் வெடி போட்டுத் துரத்த நினைப்பது என்ன நியாயம்?

குறை சொல்லுகிறவர்கள் பக்கத்திலும் நியாயம் இல்லாமலில்லை. கூச்சல், நாற்றம், எச்சம், தோப்புக்குச் சேதம் எல்லாம் மெய்யே. 2018-ல் கோழிக்கோட்டில் நிபா ஜுரம் பல உயிர்களைக் கொண்டுபோனது முதல் பயமும் சேர்ந்துகொண்டது. ஆனால் துரத்துவது பரிகாரமாகாது. துரத்திய கூட்டம் ஆகாயத்தில் கரைந்துவிடுவதில்லை. அடுத்த தெரு மரத்தில் இறங்குகிறது. மொரீஷியஸ் தீவில் 2015 முதல் பல்லாயிரம் வௌவால்களைச் சுட்டுக் கொன்றார்கள். அதனால் லிச்சிப் பழ மகசூல் உயர்ந்தபாடில்லை.

தாய் வௌவால் வருஷத்துக்கு ஒரே குட்டிதான் ஈனுகிறது. அக்குட்டி சில வாரங்கள் வரை தாயின் மார்பைப் பற்றிக்கொண்டே வாழ்கிறது. வெடிச் சத்தத்தில் தாய் மிரண்டு கிளம்பினால், பிடி தவறிய குட்டி தரையில் விழுந்து மடிய வேண்டியதுதான். நஷ்டம் அதோடு நிற்பதில்லை. இலுப்பைப் பூவின் மகரந்தத்தை மரத்துக்கு மரம் சேர்ப்பதிலும், விதையைத் தூரத்தில் கொண்டுபோய்ப் போடுவதிலும் பெரும் பங்கு இந்த வௌவாலுடையது. ஆலையில்லா ஊருக்கு இலுப்பைப்பூச் சர்க்கரை என்பார்கள். வௌவாலில்லா ஊரில் இலுப்பைக் கன்றே அருமையாகிவிடும்.

பின் செய்யத்தக்கது என்ன? கிணற்றையும் தண்ணீர்த் தொட்டியையும் மூடி வைக்கலாம். மரத்தில் கட்டிய பதநீர்ப் பானைக்கு மூடாக்குப் போடலாம். வௌவால் கடித்த பழத்தைக் குழந்தைகள் தின்னாமல் பார்த்துக்கொள்ளலாம். பழமரத்துக்கு விரல் நுழையாத நெருக்கமான வலையை இறுக்கிக் கட்டினால் பழமும் தப்பும், வௌவாலும் சிக்கிச் சாகாது. வீட்டுக் கூரைமேல் நீண்ட கிளையை மட்டும், குட்டிகள் இல்லாத காலத்தில் தறிக்கலாம். கீழே விழுந்துகிடக்கும் வௌவாலை வெறுங்கையால் தொடாமல் வனத்துறையாருக்குச் சொல்லியனுப்புவது உத்தமம்.

இவையெல்லாம் நடக்கக்கூடியவையா என்று சந்தேகிப்பவர்கள் கோயம்புத்தூர் ஜில்லாவிலுள்ள கிட்டாம்பாளையத்தையும், விழுப்புரம் ஜில்லாவிலுள்ள கழுப்பெரும்பாக்கத்தையும் பார்க்கட்டும். மரத்து வௌவால்கள் மிரளுமே என்று அவ்வூர் ஜனங்கள் தீபாவளிக்கு வெடி கொளுத்துவதில்லை. எந்தச் சட்டமும் அவர்களைக் கட்டாயப்படுத்தவில்லை. வெடி இல்லாமலே அங்கே தீபாவளி நடக்கிறது.

பெரம்பலூர், அரியலூர்ச் சீமையில் வௌவால் மரமுள்ள ஊர் ஒவ்வொன்றும் இந்தத் தர்மத்தைக் கைக்கொள்ளலாம். மற்றத் தர்மங்களுக்குப் பணம் செலவாகும். இதிலோ வெடிக்காசு மிச்சம்.