பிளாஸ்டிக் முத்துக்கு எதுக்குங்க இவ்வளவு மரியாதை?

போன வாரம் என் கிடாரைக் கல்லூரிக்கு எடுத்துக்கிட்டுப் போனேன். காசிமேட்டுல படகுத் தச்சரா இருந்த என் மாமா ஆறு மாசம் உட்கார்ந்து கையால செஞ்சது. வாங்கிப் பார்த்த நண்பன் கேட்ட முதல் கேள்வி: "புள்ளிக்கு முத்து கிடைக்கலையாடா? மரத்துண்டு வெச்சு சீப்பா பண்ணிட்டாரே!"

அந்தக் கடுப்புல எழுதுறதுதான் இந்தப் பதிவு.

கிடார் தெரியாதவங்களுக்கு: கழுத்துப் பலகையில 3, 5, 7, 9, 12-ஆவது ஃப்ரெட்டுகள்ல சின்ன வட்டப் புள்ளிகள் இருக்கும். வாசிக்கிறவன் இடம் தெரிஞ்சுக்க வெச்ச அடையாளம், அவ்வளவுதான். 12-ல மட்டும் பெரும்பாலும் ரெண்டு புள்ளி, அங்கே ஒரு ஸ்தாயி முழுசா முடியுது. மலிவான கிடார்கள்ல நீங்க பார்க்கிற "முத்து" பெரும்பாலும் சிப்பி கிடையாது, பளபளக்கிற பிளாஸ்டிக். ஆக, மரம் சீப்பு, பிளாஸ்டிக் உசத்தி. நல்லா இருக்கு நியாயம்!

கிடாரை விடுங்க, நம்ம வீணைக்கு வருவோம். வடசென்னைக்கும் வீணைக்கும் என்ன சம்பந்தம்னு சிரிக்காதீங்க. தியாகராஜரோட சீடர் வீணை குப்பய்யர் திருவொற்றியூர்க்காரர். வீணை தனம்மாள் (1867–1938) வாழ்ந்தது ஜார்ஜ் டவுன்ல.

தஞ்சாவூர் வீணை பலா மரத்துல செய்றது. மெழுகுல பதிச்ச 24 மெட்டு. அதோட ஓரங்கள்லயும் குடத்துலயும் ஒரு காலத்துல தந்தமும் மான் கொம்பும் பதிச்சாங்க. 1986-லயும் 1991-லயும் வனவிலங்குச் சட்டத்தைத் திருத்தி, தந்த வியாபாரத்தை முழுசா நிறுத்தினாங்க. ரொம்பச் சரி. ஆனா அந்த இடத்துக்கு நாம கொண்டுவந்தது என்ன? பிளாஸ்டிக் தகடு! 2013-ல புவிசார் குறியீடு வாங்கின கருவி சார் அது.

மைசூர்லயும் இதே கதைதான். ஈட்டி மரத்துல தந்தம் பதிச்சவங்க அவங்க. தந்தம் போனதும் பல நிற மரங்களை அறுத்துப் பதிக்க ஆரம்பிச்சாங்க. அங்கேயும் பிளாஸ்டிக் நுழைஞ்சிருக்கு, ஆனா மரப் பதிப்பு இன்னும் அவங்க அடையாளம். அவங்களால முடிஞ்சது நம்மால ஏன் முடியாது?

"மரம்னா சுலபம்"னு நினைக்கிறவங்களுக்கு மாமா கதை. பழைய ஈட்டிக் கட்டில் சட்டத்துல பலகை, பலாவுல புள்ளி. முதல்ல ஒரு பலாக் குச்சியை உருட்டி, 6 மி.மீ. துளையில அடிச்சு அறுத்துட்டார். குச்சியோட வெட்டுமுகம் பசையைக் குடிச்சுக் கறுத்துப்போச்சு. எல்லாத்தையும் குடைஞ்சு எடுத்துட்டு, ரேகை படுக்கை வாட்டுல வர்ற மாதிரி சில்லு சில்லா வெட்டி, அரத்துல வட்டமாத் தேய்ச்சுப் பதிச்சார்.

"பலகை ஓடுற பக்கமே கட்டையும் ஓடணும்டா. இல்லனா ஒண்ணு ஊதும், ஒண்ணு நிக்கும்"னார்.

மரப்படகுல போல்ட் தலையைப் பள்ளத்துல இறக்கி, மேல மரச்சில்லு அடைக்கிறதும் இதே விதிதான். எங்க ஊர் உப்புக்காத்துல அந்த விதியைக் கத்துக்கிட்டவருக்கு இப்ப படகு வேலை இல்லை. ஃபைபரும் இரும்பும் வந்தாச்சு.

எதிர்வாதமும் சொல்லிடறேன். மேடை வெளிச்சத்துல முத்து பளிச்னு தெரியும், மரம் தெரியாது. நிஜம்தான். அதுக்குத்தான் வாசிக்கிறவன் கண்ணுக்கு நேரா, பலகை விளிம்புல தனியாப் புள்ளி வெக்கிறாங்க. பலா மஞ்சள் நாளாக நாளாகப் பழுப்பாகும், அதுவும் நிஜம். ஆனா ஈட்டியோட கருமைக்குப் பக்கத்துல அப்பவும் தனியாத் தெரியும்.

பளபளப்பு பிடிக்கும்னா தாராளமா வாங்குங்க, உங்க காசு. ஆனா ஒரு தச்சர் ரெண்டு தடவை குடைஞ்சு பதிச்ச சில்லைப் பார்த்து "சீப்பு"ன்னு மட்டும் சொல்லாதீங்க. ஒரு படகுத் தச்சரோட கைக்கு இன்னும் வேலை இருக்குன்னு காட்டுற இடம், இன்னிக்கு அந்தப் புள்ளிதான்.