காலேஜ் மந்திரமும் புதுப் புரோகிதர்களும்

வருஷந்தோறும் பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சை முடிவு வெளியானவுடன் உத்திரமேரூர்க் கடைத்தெருவிலும் சுற்றுப்பட்ட கிராமங்களிலும் ஒரு புதுவிதப் புரோகிதக் கூட்டம் கிளம்பிவிடுகின்றது. இவர்களுக்குப் பூணூல் கிடையாது, பஞ்சாங்கமும் கிடையாது. கையில் ஒரு செல்போனும், வழவழப்பான விளம்பரக் காகிதமும் மாத்திரமே உண்டு. ஆனால் தொழில் என்னவோ பழைய தொழில்தான். அதாவது, மக்களுக்கு விளங்காத வார்த்தைகளைச் சொல்லி, விளங்காத காரணத்தாலேயே அவற்றுக்கு ஒரு மகிமை இருப்பதாக நம்பச் செய்து, தக்ஷணை வாங்குவதேயாகும்.

“கட் ஆஃப்” என்கிறார்கள், “கோட்டா” என்கிறார்கள், “டீம்டு” என்கிறார்கள். கருமாதி வீட்டில் ஐயர் சொன்ன மந்திரத்துக்கு அர்த்தம் கேளாமலே தலையாட்டிப் பழகிய நமது குடியானவன், இதற்கும் அப்படியே தலையை ஆட்டிவிட்டு, காணியை அடமானம் வைக்கப் புறப்பட்டுவிடுகிறான்.

நமது ஊருக்கு இந்த வித்தை புதிதல்ல. இங்குள்ள வைகுண்டப் பெருமாள் கோவில் சுவரில் 919-லும் 921-லும் வெட்டிய சாசனங்களைக் காட்டி, குடவோலை முறை என்றும், உலகத்துக்கே ஜனநாயகம் கற்றுக்கொடுத்த ஊர் என்றும் பெருமை பேசாத மந்திரி இல்லை. குடத்தில் யார் பெயரைப் போடலாம் என்று அதே சுவர் சொல்லுவதை மாத்திரம் யாரும் படித்துக் காட்டுவதில்லை. கால் வேலிக்கு மேல் வரி கட்டும் சொந்த நிலம் வேண்டும். சொந்த மனையில் வீடு வேண்டும். வேத மந்திரமும் பிராமணமும் தெரிந்திருக்க வேண்டும். அந்த நிலத்தை உழுதவன் பெயர் குடத்துக்குள் போகவே வழியில்லை. நிபந்தனை கல்லிலே பகிரங்கமாகத்தான் இருந்தது. ஆனால் உழுதவனுக்கு அதைப் படிக்கும் எழுத்து கொடுக்கப்படவில்லை. இன்றைய நிபந்தனைகளும் இன்டர்நெட்டில் பகிரங்கமாகத்தான் இருக்கின்றன!

ஆகவே இந்த மந்திரங்களின் யோக்கியதையைச் சற்று உடைத்துப் பார்ப்போம்.

“கட் ஆஃப்” என்பது வெறும் கூட்டல் கணக்கு. என்ஜினீயரிங் படிப்புக்குக் கணிதத்துக்கு 100, பௌதிகத்துக்கு 50, ரசாயனத்துக்கு 50, ஆக 200. “கவுன்சலிங்” என்றால் புத்திமதி சொல்லுவதல்ல. மார்க்கு வரிசைப்படி சர்க்கார் இடம் ஒதுக்குவது. அந்த இடங்களில்தான் 69 சதவிகித இட ஒதுக்கீடு செல்லும். 1925-இல் காஞ்சீபுரம் மகாநாட்டில் வகுப்புவாரித் தீர்மானம் மறுக்கப்பட்டுப் பெரியார் வெளியேறியதும், 1950-இல் வகுப்புவாரி உத்தரவு கோர்ட்டில் அடிபட்டதும், 1951-இல் அரசியல் சட்டமே திருத்தப்பட்டதும் இந்த வாசல் திறந்திருப்பதற்காகத்தான். 2021 முதல், ஆறாவதிலிருந்து சர்க்கார் பள்ளியில் படித்த பிள்ளைகளுக்கு என்ஜினீயரிங்கிலும் 7.5 சதவிகிதம் தனியாக ஒதுக்கி, சம்பளத்தையும் ஹாஸ்டல் செலவையும் சர்க்காரே ஏற்பதாக ஏற்பாடாயிற்று.

“மேனேஜ்மெண்ட் கோட்டா” என்பது காலேஜ் முதலாளி தன் இஷ்டப்படி விற்கும் இடம். அதற்கு இட ஒதுக்கீடு கிடையாது. முதல் பட்டதாரிச் சலுகையும் கிடையாது. இதைத்தான் கவனிக்க வேண்டும். குடும்பத்தில் யாரும் பட்டம் வாங்காத வீட்டுப் பிள்ளைக்கு, தொழிற்கல்வியில் சம்பளச் சலுகை 2010-இலிருந்தே உண்டு; ரெவின்யூ இலாகா சர்ட்டிபிகேட் போதும். ஆனால் சர்க்கார் கவுன்சலிங் வழியாகப் போனால்தான். “கவுன்சலிங் வரைக்கும் ஏன் காத்திருக்கிறீர்கள்? இப்பொழுதே சீட்டை புக் பண்ணிவிடுங்கள்” என்று தரகன் அவசரப்படுத்துவதன் இரகசியம் இதுதான். அவன் பேச்சைக் கேட்டு முன்பணம் கட்டியவன், தன் மகன் மார்க்குக்குச் சலுகையோடு கிடைத்திருக்கக்கூடிய அதே காலேஜின் அதே படிப்பையே அதிக விலைக்கு வாங்குகிறான். தரகனுக்குக் கமிஷன்!

“டீம்டு” என்றால் நிகர்நிலைப் பல்கலைக்கழகம். அது சர்க்கார் கவுன்சலிங்குக்கே வராது. “டொனேஷன்” என்பது தர்மமல்ல. சீட்டுக்காக வாங்கும் அந்தப் பணத்தை 1992-இலேயே தமிழ்நாட்டுச் சட்டம் தடுத்துவிட்டது. ரசீது கேட்டுப் பாருங்கள், முகம் மாறும். “டியூஷன் பீஸ்” என்று காகிதத்தில் அச்சிட்டிருப்பது முழுச் செலவுமல்ல. பஸ், ஹாஸ்டல், பரீட்சை, புத்தகம் எல்லாம் பின்னால் வரிசையாக வரும். ஆகையால் “நான்கு வருஷத்துக்கும் மொத்தம் எவ்வளவு? எழுதிக் கொடு” என்பதே கேட்க வேண்டிய ஒரே கேள்வி.

இனி கடன். “படிக்கும்வரை ஒரு காசு கட்ட வேண்டாம்” என்பார்கள். இதற்கு “மொரட்டோரியம்” என்று பெயர். தவணைதான் தூங்குகின்றது, வட்டி தூங்குவதில்லை. நூற்றுக்குப் பத்து வட்டி என்றும், வருஷத்துக்கு ஒரு லக்ஷம் வீதம் நான்கு லக்ஷம் வாங்கியதாகவும் வைத்துக்கொள்ளுங்கள். படிப்பு நான்கு வருஷம், அதற்குமேல் ஒரு வருஷம் தவணையில்லை. முதல் லக்ஷத்துக்கு ஐந்து வருஷ வட்டி, அடுத்ததற்கு நான்கு, பிறகு மூன்று, இரண்டு. ஆக வட்டி மாத்திரம் 1,40,000 ரூபாய்! வருமானம் குறைந்த குடும்பத்துக்கு இந்த வட்டியைச் சர்க்கார் ஏற்கும் திட்டம் உண்டா என்று பாங்கியில் கேட்பவர் எத்தனை பேர்?

“பாமர மக்களுக்கு இதெல்லாம் விளங்குமா?” என்று சில படித்த கனவான்கள் கேட்கலாம். வாரம், குத்தகை, போக்கியம், நகை வட்டி, மீட்டர் வட்டி இவ்வளவும் விளங்குகின்றவனுக்கு இது விளங்காதா? அவனுக்கு மூளை குறைவல்ல. தமிழில் சொல்லுவாரில்லை, அவ்வளவுதான்.

ஆனால் நம் ஜனங்கள் பேரிலும் குற்றமில்லாமலில்லை. பரீட்சை வந்தால் செட்டிபுண்ணியம் ஹயக்கிரீவர் சன்னதிக்குப் பேனாவும் ஹால்டிக்கட்டும் எடுத்துக்கொண்டு ஓடுகிறார்கள். அதே பேனாவால் விண்ணப்பத்தில் ஜாதிக் கட்டமும் வருமானக் கட்டமும் தவறாமல் நிரப்பத் தெரிந்தால் போதுமே! சீட்டு கிடைக்காவிட்டால் “தலையெழுத்து” என்கிறார்கள். எந்தத் தலையில் எவன் எழுதினான்? தாலூகா ஆபீஸில் வாங்காமல் விட்ட சர்ட்டிபிகேட்டுக்குப் பிரம்மா என்ன செய்வான்?

சர்க்காருக்கு நாம் சொல்லுவது ஒன்றே. ஒவ்வொரு காலேஜ் வாசலிலும், எந்தப் படிப்புக்கு மொத்தச் செலவு எவ்வளவு, எந்தச் சலுகை யாருக்கு என்று கொட்டை எழுத்தில் தமிழில் பலகை வைக்க உத்தரவு போட வேண்டும். அந்த உத்தரவு வரும்வரை, ஊருக்கு இரண்டு தோழர்கள் ஞாயிற்றுக்கிழமை காலையில் நூல்நிலையத் திண்ணையில் ஒரு பெஞ்சியைப் போட்டு உட்கார்ந்து, வருகிற பிள்ளைகளின் விண்ணப்பத்தைக் காசு வாங்காமல் படித்துச் சொல்லட்டும். தரகர்கள் சண்டைக்கு வருவார்கள். வரட்டும்.