கிராபிக்ஸ் கார்டு மேல் பழி போடாதீர்கள்

கேம் திக்கித் திக்கி ஓடினால் கிராபிக்ஸ் கார்டை மாற்ற வேண்டும். மாற்றியும் சரியாகவில்லை என்றால் கம்ப்யூட்டரையே மாற்ற வேண்டும். கொழிஞ்சாம்பாறையிலும் வேலந்தாவளத்திலும், மலைமேல் மூணாற்றிலும் பூப்பாறையிலும் இதைச் சந்தேகிக்கும் பையனைப் பார்ப்பது அரிது. கூட்டாளி இதைத்தான் சொல்கிறான், யூடியூபிலும் இதைத்தான் சொல்கிறார்கள். கடையில் கேட்டால் "பழைய கார்டுங்க தம்பி, இனி இது இழுக்காது" என்று முடித்துவிடுகிறார்கள். பாலக்காட்டு எல்லைப் பையன்கள் கோயம்புத்தூருக்கும் பொள்ளாச்சிக்கும் பஸ் ஏறுகிறார்கள். இடுக்கிப் பையன்கள் போடிமெட்டு இறங்கித் தேனிக்கோ, குமுளி வழியாகக் கம்பத்துக்கோ போகிறார்கள். திரும்பி வரும்போது கையில் ஒரு பெட்டி இருக்கிறது, வீட்டுக்கு ஒரு கடன் சேர்ந்திருக்கிறது.

இந்த நம்பிக்கையைச் சும்மா விட எனக்கு மனமில்லை. சுமாரான புதுக் கார்டு ஒன்றுக்கே 20,000 ரூபாய் கேட்கிறார்கள். தேயிலைத் தோட்டத்தில் ஒரு நாள் கூலி இன்னும் ஐந்நூறு ரூபாயைச் சுற்றித்தான் நிற்கிறது. ஒரு தாய் நாற்பது நாள் கொழுந்து பறித்த பணத்தை, கோளாறு எங்கே என்று ஐந்து நிமிடம்கூடப் பார்க்காமல் கொண்டுபோய்க் கொட்டுவது சரியில்லை.

திரையில் தெரிவது வரிசையாக வரும் தனித்தனிப் படங்கள். நொடிக்கு எத்தனை படம் என்பதுதான் எஃப்.பி.எஸ். அது 60 என்றால் ஒரு படத்துக்குக் கிடைக்கும் நேரம் சுமார் 16.7 மில்லிவினாடி. அதற்குள் யார் எங்கே நிற்கிறார்கள், குண்டு எந்தப் பக்கம் போகிறது, கதவு திறந்ததா என்று பிராசசர் கணக்குப் போட்டுத் தர வேண்டும். கார்டு அதை வரைந்து முடிக்க வேண்டும். இரண்டில் எது பிந்துகிறதோ அதன் வேகம்தான் கேமின் வேகம். எஸ்டேட்டில் எத்தனை கை வேகமாகக் கொழுந்து பறித்தாலும், எடை போட ஒரே தராசு இருந்தால் வரிசை தராசின் வேகத்தில்தான் நகரும். பிந்துவது பிராசசர் என்றால், லட்ச ரூபாய்க் கார்டு போட்டாலும் அது சும்மா காத்துக்கொண்டுதான் இருக்கும்.

எது பிந்துகிறது என்று கண்டுபிடிக்கப் பைசா செலவில்லை. கேமின் செட்டிங்ஸில், திரையின் வேகத்தோடு கேமைக் கட்டிப்போடும் வி-சிங்க்கையும் எஃப்.பி.எஸ். வரம்பையும் அணைத்துவிட்டு, ரெசல்யூஷனை 1920×1080-லிருந்து 1280×720-க்கு இறக்குங்கள். வரைய வேண்டிய புள்ளிகள் சுமார் 20 லட்சத்து 73 ஆயிரத்திலிருந்து 9 லட்சத்து 21 ஆயிரமாகக் குறையும். கார்டுதான் திணறிக்கொண்டிருந்தது என்றால் எஃப்.பி.எஸ். மளமளவென்று ஏறும். பாதிக்கு மேல் வேலை குறைந்தும் ஏறவே இல்லை என்றால் கார்டு மேல் குற்றமில்லை. பிராசசரையோ, மெமரியையோ, கேமையோதான் பார்க்க வேண்டும். விண்டோஸ் பட்டனோடு ஜி-யை அழுத்தினால் வருகிற கேம் பாரில் எஃப்.பி.எஸ்., சி.பி.யு., ஜி.பி.யு. மூன்றும் கண்முன்னே ஓடும். கார்டு விற்கும் கடை எதிலும் இதை வாடிக்கையாளருக்குச் செய்துகாட்டி நான் பார்த்ததில்லை. அதுதான் எனக்குக் கோபம்.

கேம் திக்குவதற்கு நம் பக்கத்துக்கென்றே ஒரு காரணம் இருக்கிறது, அது வெக்கை. 2016 ஏப்ரலில் பாலக்காட்டில் 41.9 டிகிரி பதிவானது. 2024 கோடையில் வெப்ப அலை எச்சரிக்கை வந்தது. அந்த ஆண்டு மே மாதத்தில் மின்வாரியம் இரவு நேரப் பயன்பாட்டுக்குக் கட்டுப்பாடு விதிக்க நேர்ந்ததும் பாலக்காட்டு வட்டாரத்தில்தான். சிப்பின் சூடு என்பது அறையின் சூட்டுக்கு மேலே ஏறி நிற்பது. அறையில் 20 டிகிரி கூடினால் சிப்பிலும் ஏறக்குறைய அவ்வளவு கூடும். இன்டெலின் லேப்டாப் பிராசசர்களில் பலவற்றுக்கு 100 டிகிரிதான் எல்லை. அதை எட்டியதும் கருகாமல் இருப்பதற்காகப் பிராசசர் தானே தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அதே லேப்டாப்பை ஜனவரி இரவில் மூணாற்றில் வைத்து ஓட்டினால், எந்தப் பாகத்தையும் மாற்றாமலே நன்றாக ஓடும். புதுக் கார்டு வாங்கி அதே வெக்கையறையில், அதே அடைத்த பெட்டிக்குள் போட்டால், சூட்டை இன்னும் கொஞ்சம் கூட்டியதுதான் மிச்சம்.

வெக்கையோடு தூசியும் சேர்ந்துகொள்கிறது. வேனிலில் பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் கிழக்கிலிருந்து அடிக்கும் காற்று சித்தூர்ப் பக்கத்து வயல்மண்ணை வாரிக்கொண்டு வீட்டுக்குள் வருகிறது. தென்னந்தோப்புக்கு நடுவே இருந்த ஒரு வீட்டில், உறவுக்காரப் பையன் ஒருவனின் கேபினெட்டைத் திறந்து பார்த்தேன். பிராசசருக்கு மேலே ஃபேன் சுற்றிக்கொண்டுதான் இருந்தது. அதற்கடியில் ஹீட்சிங்க்கின் தகடுகளுக்கு நடுவே சாம்பல் நிறத் தூசி அடையாகப் படிந்து, விரலால் உரித்தால் ஒரே பட்டையாகக் கழன்று வந்தது. சத்தம் இருந்ததே தவிரக் காற்று உள்ளே போகவில்லை. முதல் பத்து நிமிடம் கேம் நன்றாக ஓடும், அப்புறம்தான் இழுக்கும் என்று அவன் சொன்னதிலேயே காரணம் இருந்தது. சூடேற எடுத்துக்கொள்ளும் நேரம்தான் அந்தப் பத்து நிமிடம். மின்சாரத்தை நிறுத்திவிட்டு, ஃபேன் சுற்றாதபடி விரலால் பிடித்துக்கொண்டு, பெயின்ட் பிரஷ்ஷாலும் புளோயராலும் சுத்தம் செய்து, காய்ந்துபோன தெர்மல் பேஸ்ட்டைத் துடைத்துப் புதிதாக வைத்தோம். அதற்குமுன் அவனுடைய அப்பா கோயம்புத்தூரில் கார்டு விலை விசாரித்துக்கொண்டிருந்தார்.

சின்னச் சின்னக் கோளாறுகளும் பெரிய செலவாக முடிகின்றன. மானிட்டர் கேபிளைக் கார்டில் செருகாமல் மதர்போர்டின் ஓட்டையில் செருகியிருப்பார்கள். கார்டு உள்ளே சும்மா கிடக்கும். 144 ஹெர்ட்ஸ் மானிட்டர் வாங்கி, விண்டோஸில் 60-லேயே விட்டிருப்பார்கள். 3200 வேக ரேம் வாங்கி, பயாஸில் அந்த வேகத்தைத் தேர்ந்தெடுக்காததால் அது 2400-இலோ 2666-இலோ ஓடும். மழைக்காலத்தில் மலைப்பக்கம் கரண்ட் அடிக்கடி போகும். சார்ஜர் செத்ததும் லேப்டாப் பேட்டரிக்கு மாறி, தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். கேம் திணறுவதைப் பார்த்து லேப்டாப் போச்சு என்று முடிவு கட்டிவிடுகிறார்கள்.

மூணாற்றிலும் வண்டிப்பெரியாற்றிலும் கேட்கும் புகார்களில் பல கம்ப்யூட்டர் சம்பந்தப்பட்டவையே அல்ல. ஆன்லைன் ஆட்டத்தில் எதிராளி இங்கிருந்து அங்கே தாவுவதும், சுட்ட குண்டு படாமல் போவதும் நெட் பிரச்சினை. கவுன்டர் ஸ்டிரைக்கின் சர்வர் சென்னையிலும் மும்பையிலும் இருக்கிறது. அதுவரை போய் வரும் வழியில் தாமதம் ஏற்பட்டால் எந்தக் கார்டும் அதைச் சரிசெய்யாது. எஃப்.பி.எஸ். இறங்காமல் பிங், அதாவது சர்வருக்குப் போய் வரும் நேரம், மட்டும் ஏறுகிறதா என்று பாருங்கள். ஏறினால், வைஃபையை விட்டுவிட்டு ரவுட்டரிலிருந்து நேராக ஒரு கேபிள் இழுப்பதே முதல் வைத்தியம்.

எல்லாவற்றையும்விட அநியாயம், கேம் செய்தவர்களின் பிழைக்கு ஆடுகிறவர்கள் பணம் கட்டுவது. ஜி.டி.ஏ. ஆன்லைன் 2015-இல் பி.சி.க்கு வந்தது. உள்ளே நுழையவே பல நிமிடம் பிடித்தது. பிராசசர் மெதுவு, டிஸ்க் மெதுவு என்று ஆடுகிறவர்கள் தங்கள் மெஷினையே நொந்துகொண்டார்கள். 2021-இல் வெளியாள் ஒருவர், ஒரு புரோகிராமர், உள்ளே நடப்பதைத் தோண்டிப் பார்த்தார். கேமுக்குள் இருக்கும் கடையில் விற்கும் சுமார் 63,000 சாமான்களின் பட்டியல், வெறும் 10 எம்.பி. ஃபைல். அதை ஒவ்வொரு துண்டாகப் படிக்கும்போதும் மிச்சமிருக்கும் எழுத்துகள் முழுவதையும் புரோகிராம் மறுபடி மறுபடி எண்ணியது. ஒவ்வொரு சாமானைச் சேர்க்கும்போதும், முன்பே சேர்ந்திருக்கிறதா என்று அதுவரை சேர்ந்த எல்லாவற்றோடும் ஒப்பிட்டது. அத்தனையும் பிராசசரின் ஒரே கோரில். இந்த இரண்டையும் அவர் திருத்தியபோது காத்திருப்பு சுமார் 70 சதவீதம் குறைந்தது. கேமைச் செய்த ராக்ஸ்டார் நிறுவனம் அதை ஒப்புக்கொண்டு, அவருக்கு 10,000 டாலர் பரிசு கொடுத்து, மார்ச் மாதம் திருத்தத்தை எல்லோருக்கும் அனுப்பியது. அதுவரை ஏறக்குறைய ஆறு வருடம் பழியைச் சுமந்தது வீட்டிலிருந்த கம்ப்யூட்டர்.

அது ஒன்றோடு நிற்கவில்லை. எல்டன் ரிங் 2022-இல் வந்தபோது விலையுயர்ந்த மெஷின்களிலும் வெட்டி வெட்டி ஓடியது. 2023 மார்ச்சில் தி லாஸ்ட் ஆஃப் அஸ் பி.சி.க்கு வந்த கோலத்தைச் சரிசெய்யத் திருத்தத்துக்கு மேல் திருத்தம் வந்தது. இப்படிப்பட்ட கேமுக்காக முதல் வாரத்திலேயே கார்டு வாங்கியவர், அடுத்தவர் செய்த பிழைக்குத் தன் கைக்காசைக் கொடுத்தார். பெட்டியின் மேல் அச்சிடும் "குறைந்தபட்சத் தேவை" பட்டியலிலும் நியாயம் குறைவு. அதில் பலவும் எந்த ரெசல்யூஷனில் எத்தனை எஃப்.பி.எஸ். கிடைக்கும் என்று சொல்வதே இல்லை.

கார்டே வாங்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை. 2024 டிசம்பரில் வந்த இண்டியானா ஜோன்ஸ் கேம் ரே டிரேசிங் வசதியில்லாத கார்டில் ஓடாது, ஜி.டி.எக்ஸ். 1650 வைத்திருப்பவர் செட்டிங்ஸை எப்படி உருட்டினாலும் பயனில்லை. தனிக் கார்டு இல்லாமல், ஒரே ரேம் ஸ்டிக்கோடு ஓடும் மெஷினுக்கு இரண்டாவது ஸ்டிக் போடுவது கொடுத்த காசுக்குத் தகும். பழைய ஹார்டு டிஸ்க்கை எடுத்துவிட்டு எஸ்.எஸ்.டி. போடுவதையும் தாராளமாகச் சொல்வேன், ஆனால் அது கேம் திறக்கும் நேரத்தைக் குறைக்குமே தவிர எஃப்.பி.எஸ்.ஸை உயர்த்தும் என்று எதிர்பார்க்க வேண்டாம். 720-இல் சோதித்து, கார்டுதான் பிந்துகிறது என்று தெரிந்தாலும், முதலில் நிழலின் தரத்தை இறக்குங்கள், குறைந்த ரெசல்யூஷனில் வரைந்து பெரிதாக்கிக் காட்டும் எஃப்.எஸ்.ஆர். வசதி இருந்தால் போடுங்கள். ஏ.எம்.டி. நிறுவனம் 2021-இல் கொண்டுவந்த அது என்விடியாவின் பழைய கார்டுகளிலும் வேலை செய்யும். "கேம் பூஸ்டர்" என்று இலவசமாகக் கிடைப்பவற்றை மட்டும் தொடாதீர்கள். அவற்றில் பலவற்றின் வேலை உங்களுக்கு விளம்பரம் காட்டுவதுதான்.

கேரளப் பள்ளிகளில் 2018 முதல் "லிட்டில் கைட்ஸ்" என்ற மாணவர் கம்ப்யூட்டர் குழுக்கள் இருக்கின்றன. சித்தூர், தேவிகுளம் பக்கத்துத் தமிழ்ப் பிள்ளைகள் கம்ப்யூட்டருக்குப் புதியவர்கள் அல்ல. மூடியைக் கழற்றித் தூசி தட்டவும், எண்ணைப் பார்த்துக் காரணம் கண்டுபிடிக்கவும் அவர்களால் தாராளமாக முடியும். கார்டு விற்கும் கடைகளிடம் நான் கேட்பதும் ஒன்றுதான்: பில் போடுவதற்கு முன் அந்த 720 சோதனையை வாங்குகிறவர் கண்முன்னால் செய்துகாட்டுங்கள்.

கேமே சரியில்லை என்று தெரிந்தால் அதைத் திருப்பிக் கொடுக்கவும் வழியிருக்கிறது. வாங்கி 14 நாளுக்குள், இரண்டு மணி நேரத்துக்கும் குறைவாக ஆடியிருந்தால், கேம் விற்கும் ஸ்டீம் தளத்தில் பணத்தைத் திரும்பக் கேட்கலாம். 2015 ஜூனில் இந்த விதி வந்தது. அதே மாதம் வெளியான பேட்மேன்: ஆர்க்கம் நைட் பி.சி.யில் ஓடிய மோசத்தைப் பார்த்து ஆட்கள் பணத்தைத் திரும்பக் கேட்டார்கள். கேமை வெளியிட்ட கம்பெனி பி.சி. விற்பனையையே நிறுத்திவைத்து, திருத்திய கேமை அக்டோபரில்தான் மறுபடி விற்பனைக்குக் கொண்டுவந்தது. அந்தத் திருத்தம் வரும்வரை புதுக் கார்டு வாங்கியவரும் வாங்காதவரும் அதே ஓடாத கேமைத்தான் வைத்திருந்தார்கள்.